அணையாத ஏழாம் விளக்கு

"ஐயோ... மெஷினை நிறுத்துங்கடா!"

அலறல் தொழிற்சாலையின் கடைசி மூலை வரை கேட்டது. யாரோ ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தார்கள். பிரஸ் மெஷின் நின்றது.

தமிழ்மாறனின் மூச்சு அதற்கு முன்பே நின்றிருந்தது.

சிக்கிய தகட்டை எடுக்கப் பாதுகாப்புக் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டியிருக்கிறான். கதவு திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். நிற்கவில்லை!

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் துர்கா வந்துவிட்டாள்.

"காலைல கதவு ஸ்விட்ச்சை மாத்துனது யாரு?"

"நான்தான் மேடம்..." எலக்ட்ரீஷியன் லூர்துபிரகாஷ் முன்னால் வந்தான். "ஆனா செக் பண்ணித்தான் குடுத்தேன்!"

"என்ன செக் பண்ணுனியோ!" இன்ஜினியர் விஜயராகவன் சீறினார். "கூட்டிட்டுப் போங்க மேடம்."

 செத்தவன் லூர்துவின் பத்து வருட நண்பன். போன வருடம் மூடி மறைத்த விபத்தைப் பற்றி திங்கட்கிழமை லேபர் ஆபீசில் சொல்லப் போவதாக நேற்றுதான் சொன்னான். அவனைக் கொன்ற பழி தன் தலையிலா?

"மேடம்... நாளைக்கு சர்ச்சுல என் பொண்ணு மெரினுக்குப் புதுநன்மை விழா. பத்து நிமிஷம் குடுங்க... கால்ல வேணா விழறேன்!"

துர்கா வாட்சைப் பார்த்தாள். "பத்தே நிமிஷம்!"

லூர்து கன்ட்ரோல் பேனலைத் திறந்தான். வரிசையாகச் சின்னப் பச்சை விளக்குகள்.

"இந்த ஏழாவது விளக்கு எரிஞ்சா கதவு மூடியிருக்குன்னு மெஷின் நம்பும். திறந்தா அணையணும்."

கதவைத் திறந்தான். விளக்கு எரிந்தது.

"உன் ஸ்விட்ச் ஒட்டிக்கிச்சு... வேற என்ன?" என்றார் விஜயராகவன்.

லூர்து ஸ்விட்ச்சிலிருந்து வயரையே கழற்றினான்.

அப்போதும் எரிந்தது!

"கழட்டின பிறகும் எப்படிய்யா எரியுது?"

"நடுவுல வேற எங்கேந்தோ கரன்ட் வருது மேடம்!"

பேனலுக்குள் நூற்றுக்கணக்கில் வயர்கள். அவற்றை மறைத்திருந்த பிளாஸ்டிக் மூடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... வியர்வை கண்ணில் இறங்கியது. மாதாவே, கைவிட்டுடாதே!

"நேரம் முடிஞ்சுது." விலங்கு கிலுங்கியது.

கடைசி மூடி கையோடு வந்தது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு வயர்... ஸ்விட்ச்சைத் தொடாமலே கரன்ட்டை நேராக ஏழாம் விளக்குக்குக் கொண்டுபோயிருந்தது!

பிடுங்கினான். விளக்கு அணைந்தது.

"காலைல இது இல்ல மேடம். சாப்பாட்டு நேரத்துல யாரோ மாட்டியிருக்காங்க!"

"உன் நாடகம்டா இது!" விஜயராகவன் கத்தினார்.

லூர்து வயரின் நுனியைப் பார்த்தான். அழுகையோடு சிரிப்பும் வந்தது. இரண்டு முனையிலும், எந்த வயர் என்று காட்டும் அழகாக அச்சடித்த நம்பர்!

"திருட்டு வயருக்கு நாங்க யாரும் நம்பர் மாட்ட மாட்டோம் மேடம். நம்பர் இல்லாத வயரைப் பார்த்தா கையை ஒடிப்பேன்னு தினம் கத்துறவர் ஒருத்தர்தான். அந்த நம்பர் அடிக்கிற மெஷினும் அவர் பீரோவுலதான் பூட்டியிருக்கு. தமிழ்மாறன் லேபர் ஆபீசில சொல்லப் போன விபத்தை மூடி மறைச்சதும் அவர்தான்!"

விஜயராகவன் ஓர் அடி பின்வாங்கினார். "ப... பழக்கதோஷம்..." வாய் தானாக உளறியது.

துர்கா விலங்கை அவர் கையில் மாட்டினாள்.

"கவலைப்படாதீங்க சார். ஜெயில்லயும் உங்க ரூல்தான்... நம்பர் இல்லாம யாரையும் உள்ள விட மாட்டாங்க!"