நான்கு அடி ஏறிய நாடா

காலை எட்டு மணிக்கு ஆரஞ்சு நாடா நான்கு அடி மேலே ஏறியிருந்தது.

நோவா ஸ்கோஷியா கரையில் டன்னக் பழைய ஊர். அங்கே ஒரு ஆணி அடிப்பதென்றாலும் பாரம்பரியக் குழுவைக் கேட்க வேண்டும். படகுத்துறையில் வரப்போகும் பொதுக் கழிப்பறையின் உயரத்தைக் காட்ட, கட்டிடக்கலைஞர் மாரென் முந்தின நாள் நான்கு கம்பங்கள் நட்டு, தன் இடதுகையால் சுற்றிச் சுற்றி நாடா கட்டியிருந்தாள். பன்னிரண்டு அடி. இப்போது பதினாறு. தேவாலயத்துப் பெஞ்சிலிருந்து பார்த்தால் கலங்கரை விளக்கம் முழுசாக நாடாவுக்குக் கீழே போயிருந்தது; அந்த உயரத்தில் கட்டினால் அது கண்ணிலிருந்தே மறைந்துவிடும்.

"வரைபடத்துல பன்னெண்டு, கட்டும்போது பதினாறா? யார் காதுலம்மா பூ சுத்துறீங்க?" என்றார் குழுத் தலைவர் ஜிங்க், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "பத்து மணிக்கு ஓட்டெடுப்பு. அதோட இந்தத் திட்டமும் காலி, இந்தக் கரையில உங்க பேரும் காலி."

மாரென் கம்பத்தருகே போனாள். தூக்கம் பிடிக்காமல் ஆறு மணிக்கே வந்து பார்த்திருந்தாள். அப்போது நாடா சரியாகத்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். நான்கு கம்பங்களிலும் நாடா கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றியிருந்தது. கீழே மண்ணில் ஏணி பதிந்த குழிகள்.

8:40. வெளியாட்களுக்கு ஊரில் இருந்த ஒரே கழிப்பறை வெர்னாவின் சாப்பாட்டுக் கடையில்தான். சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே சாவி. கால் மாற்றி மாற்றி நின்றது சுற்றுலாக் கூட்டம்.

"உன் கட்டிடம் எப்பம்மா எழும்பும்? பன்னெண்டு வருஷமா ஊர் மூத்திரத்த நான்தான் கழுவுறேன்," என்றாள் வெர்னா.

"எழும்புமான்னே தெரியல. நாடாவ யாரோ ஏத்திட்டாங்க."

"ஜிங்க்கா இருக்கும்!"

"அவருக்கு நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்துமே."

அப்போது வெர்னாவின் கணவர் பாய்ட் உள்ளே வந்தார். காலி நாற்காலி வலப்பக்கம் இரண்டு எட்டில் இருந்தது. மனிதர் இடப்பக்கமாக மேசை முழுவதையும் சுற்றி வந்து அதில் உட்கார்ந்தார்.

வெர்னா சிரித்தாள். "கடல்ல சூரியன் போற பக்கமா, கடிகார முள்ளு மாதிரித்தான் சுத்தணுமாம். மாத்திச் சுத்தினா படகு கரைக்கு வராதாம். வீட்டுலயும் அதே கூத்து."

"இன்னைக்குக் கடலுக்குப் போகலையா?" என்று கேட்டாள் மாரென்.

"எஞ்சின் படுத்துருச்சு. மத்த படகெல்லாம் விடியறதுக்கு முன்னாடியே போயிருச்சு. கவலப்படாதம்மா, மொத ஓட்டு என்னோடது," என்றார் பாய்ட்.

மாரென் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

9:55. ஊர்க்கூடம். மாரென் எழுந்து நின்றாள்.

"நான் இடதுகைக்காரி. என் சுத்து எல்லாமே கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம். நாடாவ உயர்த்தணும்னா கீழ நின்னே ஒரு கழியால மேல தள்ளினாப் போதும். ஆனா வந்தவரு ஏணி போட்டு ஏறி, நாலையும் அவுத்து, திருப்பிச் சுத்தியிருக்காரு. ஏன் இத்தன பாடு? எதிர்ச்சுத்தா விட்டுட்டுப் போக மனசு வரல; அது ஆகாதுன்னு நம்புறது படகுக்காரங்கதான். ஆறு மணிக்கு நாடா சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் கரையில இருந்த ஒரே படகுக்காரர் பாய்ட்தான்."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாய்ட் தொப்பியைக் கழற்றினார்.

"வெர்னாவுக்காகத்தான் செஞ்சேன். வெளிய கழிப்பறை வந்துட்டா நம்ம கடைக்கு யாரு வருவா?"

பின்வரிசையில் வெர்னா எழுந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்போ, இத்தன வருஷமா ஜனங்க என் மீன் சூப்புக்கு வரல. கழிப்பறைக்குத்தான் வந்தாங்க. அப்படித்தானே?"

ஜிங்க் மாரெனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, திட்டத்துக்கு ஆதரவாகத் தன் கையையே முதலில் உயர்த்தினார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

வெர்னா கணவரிடம் வந்து, கழிப்பறைச் சாவியை அவர் கையில் திணித்தாள்.

"புதுசு கட்டி முடிக்கிற வரைக்கும் நீ கழுவு. எந்தப் பக்கமாச் சுத்தித் தேய்க்கணும்னு சூரியனக் கேட்டுக்க."