இரண்டு இடத்தில் ஒரே பாட்டு

2191 மார்ச் 9

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ஒரு பாட்டைச் சோதிக்கும்போது, அதைப் பாடியவர் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் சான்றுப்பொறிக்கு ஒலித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டதே என்று, யாக்கோபின் பாட்டை மாடத்தில், சட்டக் கல்லூரி நடைவழியில் நின்றே ஒலித்துவிட்டேன்.

நிலவில் எங்களுக்கு இரண்டு ஊர்கள். தரைக்கு மேலே கண்ணாடி மாடம். கீழே, பழைய எரிமலைக் குழாய்க்குள் குழாயூர். மாடத்துக்குக் காற்று தயாரித்து அனுப்புகிறவர்கள் எல்லாரும் குழாயூர்க்காரர்கள். எங்கள் ஊரில் குளிக்கும்போது பாட நினைப்பவர்கள்கூட முதலில் சுவரைப் பார்த்து "இது வெறும் பாட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்கள். சுவர்களுக்குள் இருக்கும் சான்றுப்பொறி எல்லாப் பாட்டையும் கேட்கிறது. எது கற்பனை, எது வாக்குமூலம் என்று நீதிமன்றத்துக்குப் பிரித்துச் சொல்கிறது. முன்கூட்டிச் சொன்னால் அது விட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்கிறோம்.

குழாயூர்க் காற்றுச்சாலையின் மேஸ்திரி பலராமன் காற்றடைப்பு அறைக்குள் இருந்தபோது அதன் வெளிக்கதவு திறந்து அவர் இறந்துபோனார். பார்த்தவர் யாரும் இல்லை, கைரேகையும் இல்லை. அவரிடம் வேலை பார்த்த யாக்கோபு ஒரு வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் பாடிய ராப் பாட்டு மட்டும் இருந்தது:

ஏழாம் நம்பர் வால்வு என் கையில,
மேஸ்திரி மூச்சு என் பையில.

யாக்கோபைக் கைது செய்துவிட்டார்கள். அவனுடைய வழக்கறிஞர் கோதண்டம் சாரிடம் நான் பகலில் உதவியாளர். அதனால்தான் அந்தப் பாட்டு என் கையில் இருந்தது.

நடைவழியில் பொறி சொன்ன பதில்: "உருவகம். உழைப்பவரின் மூச்சுத்திணறலை எதிராளியின் மேல் ஏற்றிப் பாடும் துணிச்சலான கவிதை. கலை உதவித்தொகைக்குப் பரிந்துரைக்கலாம்."

நான்தான் வேறு ஏதோ பாட்டைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். அதே பதில். வகுப்பை விட்டுவிட்டுக் கீழே இறங்கி, குழாயூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒலித்தேன். "வாக்குமூலம்" என்றது பொறி.

மார்ச் 10

கோதண்டம் சாரிடம் சொன்னேன். சொல்லும்போதே, எங்கேயாவது நான் பிழை செய்திருப்பேனோ என்று இரண்டு முறை நிறுத்தினேன். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடக்கூட இல்லை.

"ஏம்மா மார்த்தா, பொறியவே கூண்டுல ஏத்தலாம்னு பாக்குறியா? ஒத்துக்கிட்டா பத்து வருஷம், எதுத்து நின்னா இருபது. அத்த போய் அவன்கிட்ட சொல்லு."

குழாயூர்ச் சிறையில் யாக்கோபிடம் சொன்னேன். அவன் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டான்.

"பாட்டு எழுதினது நான். மேஸ்திரிய நெனச்சித்தான் எழுதினேன். கதவ நான் தொறக்கல. மூணும் நெஜம். பத்து வருஷம் கொறையுதேன்னு இதுல ஒண்ணக்கூட மாத்திச் சொல்ல மாட்டேன். நீ கண்டுபிடிச்சத நீயே போய்ச் சொல்லு. பயமா இருந்தா என்னப் பாத்துக்கினே சொல்லு."

மார்ச் 12

சொன்னேன். நீதிமன்றத்தில், யாக்கோபைப் பார்த்துக்கொண்டே. வரிசை பிசகாமல் சொன்னேன்: எங்கே நின்றேன், எதை ஒலித்தேன், என்ன பதில் வந்தது. கோதண்டம் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி மாடத்துக்காரர், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். பாட்டு எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறியிடமிருந்து மறைத்துவிட்டு ஒலிக்கச் சொன்னார். பொறி பாட்டை இரண்டு முறை கேட்டது. பிறகு சொன்னது:

"இடம் தெரியாமல் முடிவு சொல்ல இயலாது. எனக்குக் கற்பிக்கப்பட்டவை இருபத்தொன்றாம் நூற்றாண்டில் பூமியின் மனித நீதிபதிகள் எழுதிய தீர்ப்புகள். அவற்றிலிருந்து பாடியவரின் தெருவை நீக்கிவிட்டால், கவிதைக்கும் வாக்குமூலத்துக்கும் வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை. தயவுசெய்து தெருவைச் சொல்லுங்கள்."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். யாக்கோபும் அப்படித்தான் நினைத்திருப்பான். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

நீதிபதியின் முகம் மலர்ந்தது. சான்றுப்பொறி மனித நீதிபதியைப் போலவே முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம் என்றும், அது அப்படியே எடுக்கிறது என்பது இன்று ஐயமின்றி நிரூபணமாகிவிட்டது என்றும் சொன்னார். அதை நிரூபித்ததற்காக எனக்கு நன்றியும் சொன்னார். பாட்டைச் சான்றாக ஏற்றுக்கொண்டு, தீர்ப்பை எழுந்து நின்று வாசித்தார்: "உன் வாழ்நாளில் இருபது ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். வெளிச்சம் எட்டாத பனிச்சுரங்கத்துக்கு உன்னை அனுப்புகிறேன்."

கூண்டிலிருந்து இறங்கும்போது யாக்கோபு என் பக்கம் வந்தான். காவலர்கள் இழுக்க இழுக்க நின்று பேசினான்.

"அழாத மார்த்தா. ஜட்ஜ் சொன்னத அப்படியே ஒரு காப்பி வாங்கியா. எழுத்து மாத்தாம, குழாயூர்ல நின்னு, தாளம் போட்டு நான் படிக்கிறேன். அது கவிதையா வாக்குமூலமான்னு பொறி சொல்லட்டும்."

மேல்முறையீட்டுக்கு அதுதான் முதல் சான்று என்று கோதண்டம் சாரிடம் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

நாளைய வேலை: காலையில் நீதிமன்ற அலுவலகம் திறந்ததும் தீர்ப்பின் நகல் வாங்க வேண்டும். அதைச் சிறைக்குக் கொண்டுபோய் யாக்கோபிடம் கொடுக்க வேண்டும்.