உப்பில்லாத ஈரமணல்

காலைத் தேநீர் ஆறுவதற்குள் இராசநாயகம் வந்து சேர்ந்தார். சைக்கிளை வேலியில் சாத்தியவர் பூட்டவும் மறந்துவிட்டார். தொண்டைமானாற்றில் கடலைப் பார்த்தபடி ஒரு சிறிய விடுதி நடத்துபவர் அவர். சண்டை நின்றிருந்த 1995 மாசியில்தான், பல வருடங்களுக்குப் பிறகு அங்கே ஆட்கள் தங்க வரத் தொடங்கியிருந்தார்கள்.

"பரமலிங்கண்ணை, ஒருக்கா வாங்கோ. விடுதியிலை களவு போயிட்டுது. சாமான் கிடைக்காட்டி ஒரு மனுசன்ரை காலே போயிடும், சிலநேரம் உயிரும்."

பரமலிங்கம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எழுதி எழுதி, பேச்சில் எந்த இடம் இடறுகிறது என்று அவருக்குக் காது பழகியிருந்தது. அவருடைய மனைவியின் தம்பி ஏரம்பு அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஆர் எடுத்ததெண்டு சொல்லுங்கோ, நான் அமத்திப் பிடிக்கிறன்."

"அது தெரிஞ்சா நான் ஏன் தம்பி இஞ்சை வாறன்?" என்றார் இராசநாயகம்.

போகிற வழியில் அவர் விடயத்தைச் சொன்னார். மானிப்பாயிலிருந்து நோர்மன் மாஸ்ரரும் அவர் மனைவி தேவமலர் ரீச்சரும் முதல்நாள் வந்திருந்தார்கள். கலியாணமாகிப் பதினைந்து வருடத்தில் இருவரும் தனியாக எங்கும் போனதில்லையாம். இரண்டு நாள் கடற்கரையில் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். மாஸ்ரருக்குச் சலரோகம், காலில் ஆறாத புண். இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது. கையிலிருந்த ஒரே போத்தலை இன்று காலை காணவில்லை.

"ஆரிலை சந்தேகம்?"

"ரீச்சர் எங்கடை சமையல்காரி லூர்த்தம்மாவைச் சொல்லுறா. அவள் விடியவே சமைச்சு வைச்சிட்டு வீட்டை போயிட்டாள், இன்னும் வரேல்லை. அவளின்ரை வீட்டைச் சோதிக்க வேணுமெண்டு நிக்கிறா. ஆள் கூடிச் சோதிச்சா அந்த மனுசி இந்த ஊரிலை பிறகு தலை நிமிர ஏலுமே, அண்ணை?"

"வேறை ஆர் தங்கினது?"

"மீன் யாவாரி லியோன். அவரும் விடியவே போயிட்டார்."

"கள்ளன் அவன்தான்" என்றான் ஏரம்பு. "மருந்துக்கு இப்ப நல்ல விலை."

"முதலிலை அங்கை போய்ச் சேருவம்" என்றார் பரமலிங்கம்.

விடுதியின் பின் விறாந்தையில், காற்றுப் படும் நிழலில் ஒரு மண்பானை இருந்தது. அதன் பக்கத்தில் தேவமலர் நின்றாள். அழுது முடித்த முகம். நோர்மன் கால் கட்டோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார்.

"எப்படி வைச்சிருந்தனீங்கள், ரீச்சர்?"

அவள் சொன்னாள். மின்சாரம் இல்லாத ஊரில் இன்சுலினைக் கெடாமல் காப்பாற்ற வீடுகளில் கண்டுபிடித்திருந்த முறை அது. பானைக்குள் மணலை நிரப்பி ஈரமாக்கி, நடுவில் போத்தலைத் துணியில் சுற்றிப் புதைக்க வேண்டும். பானையின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. மணலிலுள்ள நீர் அவற்றின் வழியாக மெல்லக் கசிந்து, வெளிக்காற்றுப் பட்டு ஆவியாகும். ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வது போலத்தான் இதுவும்.

"எந்தத் தண்ணி ஊத்துவீங்கள்?"

"மானிப்பாய்த் தண்ணி. இஞ்சத்தைக் கிணறு உவர். உப்புப் பிடிச்சா பானையின்ரை துளையெல்லாம் அடைச்சுப்போம், பிறகு குளிராது. அதாலை ஒரு பிளாஸ்ரிக் கான் நிறைய நல்ல தண்ணி கட்டிக்கொண்டு வந்தனாங்கள். எங்கடை கட்டிலுக்குக் கீழை இருக்கு."

"இண்டைக்கு ஊத்தினனீங்களோ?"

"இல்லை, நேற்றுப் பின்னேரம் ஊத்தினதுதான். போத்தலை எடுத்து ஊசி போட்ட பிறகுதான் ஊத்துறது, வீட்டிலையும் அப்படித்தான். விடியக் கிணத்தடியிலை குளிச்சிட்டு வந்து கையை விட்டுப் பார்த்தன், போத்தல் இல்லை. அப்பிடியே விட்டிட்டன்."

பரமலிங்கம் குனிந்து பானைக்குள் பார்த்தார். மணல் கழுத்துக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. "நீங்கள் இவ்வளவுக்குத்தான் போட்டனீங்களோ?" என்று கேட்டார். கழுத்துவரை போட்டதாகத் தேவமலர் சொன்னாள். அவர் ஒரு விரலால் மணலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"அத்தான், காலமைச் சாப்பாடு இல்லாமத்தான் வந்தனாங்கள், அதுக்காக மண்ணையோ?" என்றான் ஏரம்பு.

"நீயும் ஒருக்கா ருசி பார்."

ஏரம்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தான். "மண்தான். வேறை ஒண்டுமில்லை."

"நல்ல ஈரம், இல்லையோ?"

"ஓம், சொதசொதவெண்டு இருக்கு."

பரமலிங்கம் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஊசி?"

"அது அறைக்குள்ளை பத்திரமா இருக்கு."

"குசினியிலை ஏதும் குறையுதோ, இராசநாயகம்?"

"ஒரு தயிர் முட்டியைக் காணேல்லை, சின்ன மண்சட்டி. புதுசு. இந்த நேரத்திலை அதை ஆர் பார்க்கிறது?"

ஏரம்பு சிரித்துவிட்டான். "இன்சுலினும் தயிரும் எடுத்த கள்ளன்! வருத்தத்துக்கு மருந்தும் வாய்க்குத் தயிரும் தேடியிருக்கிறான் போலை."

நோர்மன் முதல்முறையாக வாய் திறந்தார். "போனது போட்டுது. அந்த மனுசியின்ரை வீட்டுக்கு ஒருத்தரும் போகவேண்டாம். நான் சமாளிப்பன்."

"எப்பிடிச் சமாளிப்பியள்?" தேவமலர் அவர் காலைக் காட்டினாள். "போன முறை ஊசி இல்லாம இருந்துதானே உந்தப் புண் வந்தது!"

மேசையில் மூடியிருந்த மாஸ்ரரின் தட்டைப் பரமலிங்கம் திறந்தார். அவித்த முட்டை இரண்டு, பொரித்த மீன். ஒரு வாய் மட்டும் குறைந்திருந்தது. பக்கத்துத் தட்டில் தேவமலரின் பிட்டு தொடாமல் கிடந்தது.

"மாஸ்ரருக்குப் பிட்டு வைக்கேல்லையோ?"

"வேண்டாமெண்டு நேற்றுப் பின்னேரமே எனக்குச் சொன்னவர்" என்றார் இராசநாயகம். "ரீச்சர் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தா. மாஸ்ரர் கால் நோகுதெண்டு குசினிப் பக்கம் இருந்து லூர்த்தம்மாவோடை கதைச்சுக்கொண்டிருந்தவர்."

பரமலிங்கம் ஒரு கதிரையை இழுத்து நோர்மனின் எதிரே உட்கார்ந்தார்.

"லியோனைப் பிடிக்கப் போகேல்லையோ, அத்தான்?"

"ஆறுதலா இரு, ஏரம்பு. நீ இப்ப ருசிச்சதை வைச்சுத்தான் கதைக்கப் போறன்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"நேற்றுப் பின்னேரம் ஊத்தின தண்ணி, இந்தக் காத்துக்கு விடியுமட்டும் மேல்மணலிலை நில்லாது. ரீச்சர் இண்டைக்கு ஊத்தேல்லை. ஆனா மணல் சொதசொதக்குது. போத்தலை எடுத்த ஆள்தான் தண்ணியும் ஊத்தியிருக்கு. களவெடுக்கிறவன் வெறும் பானைக்கு ஏன் தண்ணி ஊத்துவான்?"

"மணல் கலைஞ்சது தெரியாமலிருக்க?" என்றான் ஏரம்பு.

"இருக்கலாம். அப்பிடியெண்டா கிணத்துத் தண்ணிதான் ஊத்தியிருப்பான். லியோனுக்கும் லூர்த்தம்மாவுக்கும் அதுதானே கையிலை. ஆனா மணலிலை உப்பில்லை, நீயே பார்த்தாய். நல்ல தண்ணிக் கான் ரீச்சரின்ரை கட்டிலுக்குக் கீழை. ரீச்சர் கிணத்தடிக்குப் போன நேரம் அந்தக் கட்டிலிலை படுத்திருந்தது ஆர்?"

நோர்மன் கால் கட்டின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

"போத்தலை எடுத்தா உடனை தண்ணி ஊத்துறது உங்கடை வீட்டுப் பழக்கம், மாஸ்ரர். மனம் வேறை எங்கையோ நிண்டாலும் கை தன்ரை பழக்கத்தைச் செய்துபோட்டுது. குறைஞ்ச மணல் தயிர் முட்டிக்குள்ளை போயிருக்கு. விக்க நினைக்கிறவன் போத்தலைச் சட்டைப்பைக்குள்ளை போட்டுக்கொண்டு போவான். முட்டியும் ஈரமணலும் தேடுறவனுக்கு அந்த மருந்து கெடக்கூடாதெண்ட கவலை இருக்கு. ஊசியை விட்டிட்டுப் போனபடியா, மருந்து போன இடத்திலை வேறை ஊசி இருக்கு."

தேவமலர் கணவனையே பார்த்தபடி நின்றாள்.

"ஊசி போட்டா பிட்டோ இடியப்பமோ தின்னத்தான் வேணும், இல்லாட்டித் தலை சுத்தும். இண்டைக்கு ஊசி இல்லையெண்டு உங்களுக்கு நேற்றுப் பின்னேரமே தெரியும். அதுதான் பிட்டு வேண்டாமெண்டனீங்கள். லூர்த்தம்மாவின்ரை வீட்டிலை ஆருக்கு வருத்தம், மாஸ்ரர்?"

 நோர்மன் மெல்லச் சொன்னார்.

"மகளுக்கு. யசிந்தா எண்டு பேர், பதினாறு வயசு, சின்னனிலையிருந்தே சலரோகம். ஆஸ்பத்திரியிலை மருந்து முடிஞ்சு போச்சாம். பானையைக் கண்டிட்டுத்தான் மனுசி கேட்டது, மருந்து எங்கை வாங்கினதெண்டு. பத்தியமா இருந்தா நான் கொஞ்சக் காலம் இழுப்பன். அந்தப் பிள்ளை ஊசி இல்லாட்டி ஒரு கிழமையும் தாங்காது. எனக்கு வீட்டிலை வேறை போத்தல் இருக்கெண்டு பொய் சொல்லிக் குடுத்தன். அதாலை அந்த மனுசியிலை குற்றமில்லை."

"நான் அவவைக் கள்ளி எண்டு சொல்லேக்கையும் வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்!"

"உமக்கு எந்த முகத்தோடை சொல்லுறது?"

தேவமலர் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். "கார்த்திகையிலை மருந்து வாங்கிக்கொண்டு திரும்பேக்கை, கிளாலிக் கடலிலை, படகிலை என்ரை பக்கத்திலை இருந்த மனுசி வெடிபட்டுச் செத்தது. நான் மருந்துப் போத்தலுகளை மடியிலை வைச்சுக் குனிஞ்சுகொண்டு வந்தனான், அதிலை மிஞ்சினது உது ஒண்டுதான். குடுத்ததுக்குக் கோபமில்லை. என்னை விட்டிட்டுப் போறதெண்டு தனிய முடிவெடுத்தியளே, அதுதான்."

அந்த நேரம் படலை திறந்தது. மீன் கூடையோடு லூர்த்தம்மா வந்தாள். எல்லோரையும் பார்த்தவள், மாஸ்ரரின் முகத்தைக் கண்டதும் கூடையை இறக்கிவிட்டாள். இராசநாயகம் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்.

"ஐயோ மாதாவே, ஒண்டுதானோ இருந்தது? இப்ப ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன், ரீச்சர்."

"நில்லுங்கோ" என்றாள் தேவமலர். "பிள்ளைக்கு ஊசி போட்டாச்சோ?"

"ஓம், ரீச்சர். சாப்பிட்டிட்டுப் படுத்திருக்குது."

"முட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்தினனீங்கள்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி."

"உப்போ?"

"இந்தக் கரையிலை எல்லாம் உப்புத்தானே."

தேவமலர் அறைக்குள் போனாள். தண்ணீர்க் கானைத் தூக்கிவந்து லூர்த்தம்மாவின் காலடியில் வைத்தாள்.

"இனி இதை ஊத்துங்கோ. உப்புப் பிடிச்சா முட்டி வேர்க்காது. நான் உங்களைப் பற்றிச் சொன்னதுக்கு என்னை மன்னியுங்கோ. நாங்கள் இரண்டு நாளோடை போகமாட்டம். ஒவ்வொரு நாளும் காலமை இவரையும் கூட்டிக்கொண்டு உங்கடை வீட்டுக்கு வாறம். போத்தல் ஒண்டு, ஆக்கள் இரண்டு பேர்."

"அது முடிஞ்சா?" என்று கேட்டான் ஏரம்பு. கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்தது.

தேவமலர் நோர்மனின் பக்கம் திரும்பினாள்.

"முடிய முதல் மருந்து வாங்கக் கிளாலி கடந்து போகவேணும். இந்த முறை நீங்களும் வாறியள். இரண்டு பேருமாத்தான் போறம்."

நோர்மன் கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்து நின்றார். பிறகு, "ஓம்" என்றார்.