முதிர ஒரு வருடம்

புதன்கிழமை என்றால் கறுத்த மீன் பொறுக்கும் நாள். நீலகிரியின் மேல்மட்டத்தில் இருந்த அந்த ட்ரவுட் மீன் பண்ணையில், பவுலின் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வலையைத் துழாவிக்கொண்டிருந்தாள். உடம்பு வெள்ளியாக மின்னினால் மீன் இன்னும் வளர்கிறது, தொட்டியிலேயே விடலாம். கறுத்துவிட்டால் முதிர்ந்துவிட்டது, இனி தின்பதெல்லாம் முட்டைக்கும் விந்துக்கும்தான் போகும். அதைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மீனின் உடம்பு இந்த முடிவை நேற்றோ இன்றோ எடுப்பதில்லை. ஒரு வருடத்துக்கு முன்பே வளர்ச்சி ஹார்மோன் போய் ‘இருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. மூளை இனப்பெருக்க ஹார்மோனை எழுப்புகிறது. எழுந்ததும் அது முதல் வேலையாக வளர்ச்சியின் கழுத்தைப் பிடிக்கிறது.

மனிதர்கள் இந்த ஏற்பாட்டைப் படித்துப் பார்த்து, பாதி வழியில் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். இடுப்பில் தோலோடு தோலாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும் மீள்வளரி பேட்ச், அந்தச் சேதியை மூளைக்குப் போகவே விடாது. உடம்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். பவுலினுக்கு வயது எண்பத்தெட்டு. போன வருடம் வரை யாரும் முப்பதுக்கு மேல் மதித்ததில்லை. பிள்ளை வேண்டுமென்றால் கணவனும் மனைவியும் பேட்சைக் கழற்றிவிட்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய உடம்பு மறுபடி அதை ஏற்காது. அதற்குப்பின் இருபது, இருபத்தைந்து வருடம் கிடைத்தால் பெரிது.

அவளும் அவள் கணவர் தேவசகாயமும் ஈஸ்டருக்கு மறுநாள் கழற்றுவதென்று பேசி முடித்தார்கள். பத்து மாதம் ஆகிறது. அவளுக்குக் காதோரம் நரைத்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. அவர் முகம் கறுத்துவந்ததைப் பார்த்து, ஆண்மீன் முதிர்வதைப் போலத்தான் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனாள். பண்ணைக் கூரையில் வெயிலில் நின்று தகரம் மாற்றியவருக்குக் கறுக்காமல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தகரம் கிழித்து அவர் உள்ளங்கையில் ஆறு தையல். கட்டு நனைந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் அதைப் பிரித்தாள். காயமே இல்லை. நூல் மட்டும் வழவழத்த தோலில் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு நாளில் இப்படி ஆறுவது பேட்ச் போட்ட உடம்புக்கு மட்டும்தான்.

“நீங்க கழட்டவே இல்லையா?”

தேவசகாயம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். “நாளைக்குக் கழட்டலாம், நாளைக்குக் கழட்டலாம்னே இருந்தேன் பவுலி. காலையில எந்திரிச்சா உன் நரைதான் கண்ணுல படும். பயமா இருந்துச்சு.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. பத்து மாதமாகத் துணையோடு நடப்பதாக நினைத்துத் தனியாக நடந்திருக்கிறாள்.

அவர் சட்டையைத் தூக்கிப் பேட்சின் ஒரு மூலையை உரித்தார். “இப்பவே கழட்டிடுறேன். இன்னும் ஒரு வருஷம்தானே?”

“அந்த ஒரு வருஷம் எனக்கு இல்லைங்க. வர்ற டிசம்பரோட முட்டை நின்னுடும்னு டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?” பவுலின் கட்டுத்துணியை மெல்லச் சுருட்டினாள். “நான் விந்து வங்கியில எழுதிக் குடுத்துடுறேன்.”

“அப்போ நான்?”

“நீங்க கழட்டாதீங்க. நான் போறப்ப பிள்ளைக்கு இருபது வயசுதான் இருக்கும். என்னைப் புதைச்சுட்டு வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டியான்னு கேக்க ஒரு ஆள் வேணும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் மனம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது. அவள் பேச்சைக் கேட்காமல் பேட்சைப் பிய்த்தெறிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் உரித்த மூலையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தி, காற்றுப் புகாதபடி ஓரம் ஓரமாக நீவி ஒட்டிக்கொண்டார்.