முப்பது காயின் வந்த வழி!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சேதுபதி எடுக்கவில்லை. மூன்று நாள் திருவிழா பந்தோபஸ்து முடிந்து, இப்போதுதான் பூட்ஸைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளியிருந்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம்.

மறுபடியும் அலறியது!

எடுத்தார்.

"சார்... என் பேரு கனகா. நாகல் நகர்ல இருந்து பேசுறேன். எங்க வீட்டுக்காரரைக் கடத்திட்டாங்க சார்!"

"எப்ப?"

"காலைல ஆறு மணிக்கு வாக்கிங் போனவரு திரும்பலை. இப்ப ஒருத்தன் போன் பண்ணி..." குரல் உடைந்தது. "போலீசுக்குப் போனா கொன்னுருவேன்னு சொல்றான் சார்!"

"அப்புறம் எதுக்கும்மா போலீசுக்குப் போன் பண்ணுனீங்க?"

"வேற யாருக்குப் பண்ணச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். சேதுபதி ஒரு பெருமூச்சு விட்டு பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு அவரும், சைபர் க்ரைம் சப்-இன்ஸ்பெக்டர் அல்போன்சாவும் சாதா உடையில் ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

ஹாலில் மூன்று பேர் இருந்தார்கள்.

அழுது அழுது முகம் வீங்கிய கனகா.

லேப்டாப்போடு முகேஷ்குமார். கடத்தப்பட்ட ஆனந்த்ராஜின் நண்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன்.

மூன்றாவது ஆள் வீரலட்சுமி. ஆனந்த்ராஜின் அக்கா. பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ வியாபாரம். செய்தி கேட்டு, விற்காத மல்லிகைக் கூடையோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். புருஷன் போய் எட்டு மாதம் ஆகிறதாம். கண்ணில் தூக்கமே இல்லை.

"எவ்வளவு கேக்குறான்?" என்றார் சேதுபதி.

"இருபத்தோராயிரத்து நானூத்தி அறுவது சார்."

"ரூபாயா?"

"யுஎஸ்டிடி!" என்றான் முகேஷ்குமார்.

சேதுபதி அல்போன்சாவைத் திரும்பிப் பார்த்தார். வேறு மொழிப் படம் பார்க்கிறவர் முகம் அது.

"டாலர் காயின் சார். ஒரு காயின் ஒரு டாலர். விலை ஏறாது, இறங்காது. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட பத்தொன்பது லட்சம்."

"கடத்துறவன் ரவுண்டா இல்ல கேப்பான்? இதென்ன நானூத்தி அறுவது?"



"மதியம் ஒரு மணிக்குள்ள வேணுமாம் சார்," கனகா விசும்பினாள். "அவரு சர்க்கரை வியாதிக்காரரு. காலை ஊசியே போடலை. ஒரு மணி ஊசியும் தவறிட்டா தாங்க மாட்டாரு. போன தடவை இப்படித்தான் ஐசியூவுல ரெண்டு நாள் கெடந்தாரு!"

வீரலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சேதுபதி ஒரு தாம்பாளத்தை எடுத்து நடு ஹாலில் வைத்தார்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க. இங்க நடக்குறது ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது."

முகேஷ்குமார் போட்டான். கனகா போட்டாள். வீரலட்சுமி தன் பட்டன் போனைப் போட்டாள்.

"இதுலயாய்யா காயினு வருது? எனக்கு மிஸ்டு கால் குடுக்கவே இன்னும் ஒழுங்கா வரலை."

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

10.45.

தாம்பாளத்தில் கனகாவின் போன் துடித்தது!

"பேசுங்க. அவரு குரலைக் கேக்கணும்னு சொல்லுங்க," என்று கிசுகிசுத்தார் சேதுபதி.

ஸ்பீக்கரில் கட்டைக் குரல் ஒன்று உறுமியது. பிறகு ஆனந்த்ராஜ் வந்தான். நாக்கு உலர்ந்த குரல்.

"கனகா... பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில பென் டிரைவ் மாதிரி கறுப்பா ஒண்ணு இருக்கும். காயின் பூராம் அதுலதான். அதைத் தொறக்குற நம்பர் சொல்றேன், எழுதிக்க... சீக்கிரம்டி, எனக்குத் தலை சுத்துது!"

நம்பரைச் சொன்னான். லைன் அறுந்தது.

"டவர் நத்தம் பக்கம் காட்டுது சார்," அல்போன்சா தன் போனைப் பார்த்தாள். "ஆனா பூராம் மாந்தோப்பு. எந்தத் தோப்புன்னு தேட ஒரு நாள் ஆகும்."

கனகா எடுத்து வந்த கறுப்புச் சாதனத்தை முகேஷ்குமார் லேப்டாப்பில் சொருகி, நம்பரைத் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"காயின் இருக்கு சார். ஆனா இது ஈத்தீரியம் நெட்வொர்க்ல இருக்கு. அவன் கேக்குறது ட்ரான் நெட்வொர்க்ல!"

"ரெண்டும் டாலர்தானப்பா?"

"ரெண்டும் பஸ்ஸுதான் சார். ஒட்டன்சத்திரம் டிக்கெட்டை வச்சுக்கிட்டு நத்தம் பஸ்ல உக்கார முடியுமா? நடுவுல பிரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் குடுத்தா அந்தப் பக்கம் அதே காயின் கிடைக்கும். இருபது நிமிசம்தான்."

"நேரா அவன் கைக்கு அனுப்ப வேணாம்," அல்போன்சா குறுக்கிட்டாள். "மொதல்ல ட்ரான்ல நாமளே ஒரு புது வாலட் தொறப்போம். காசு அதுல வந்து நிக்கட்டும். அவரை விட்டாத்தான் அங்கிருந்து நகரும்."

புது வாலட் பிறந்தது. 11.05. அதன் முகவரி கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகத் திரையில் விரிந்தது. போனில் ஸ்கேன் செய்தால் காயின் அனுப்பலாம்.

முகேஷ்குமார் தலையில் கை வைத்தான்.

"இன்னும் என்ன?" சேதுபதிக்கு அலுத்துப்போனது.

"ட்ரான்ல காசு நகரணும்னா, அந்த நெட்வொர்க்கோட சொந்தக் காயின் கொஞ்சம் வேணும் சார். டிஆர்எக்ஸ். ஃபீஸ் மாதிரி. ஒரு முப்பது இருந்தாப் போதும். அது இல்லாட்டி, அந்தப் பக்கம் வந்த பணம் அப்படியே கெடக்கும். ஓர் அடி நகராது."

"முப்பது எவ்வளவு ஆகும்?"

"எண்ணூறு ரூபாய் சார்."

"வாங்கித் தொலை!"

"காயின் வாங்குற என் அக்கவுண்டு முடங்கிக் கெடக்கு. புதுசா தொறந்து, ஆதார் குடுத்து, கம்பெனிக்காரன் சரி பாத்து... சாயங்காலம் ஆயிரும்."

"சாயங்காலமா?" வீரலட்சுமி பதறினாள். "ஒரு மணிக்கு ஊசி போடணுமேப்பா!"

"எங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது இருக்கும். கேக்குறேன்," என்று அல்போன்சா எழுந்தாள்.

பட்!

கரண்ட் போனது.

மின்விசிறி நின்றதும் ஹால் அடுப்படியாகிவிட்டது. லேப்டாப் திரை மட்டும் பேட்டரியில் மின்னிக்கொண்டிருந்தது. அல்போன்சா போனோடு வாசலுக்குப் போனாள். வைஃபை செத்துவிட்டதால் முகேஷ்குமார் சேதுபதியின் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் சிக்னல் தேடினான். சேதுபதியும் காற்று வாங்க வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். கனகா சாமி அறைக்குள் போய் விழுந்தாள். வீரலட்சுமி காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எண்ணூறு ரூபாய் காயின் கிடைக்காமல் ஒரு மனுஷன் சாகப் போகிறான். முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் இந்த மாதிரி ஒரு கேவலத்தை அவர் பார்த்ததில்லை.

11.25. முகேஷ்குமார் போனை லேப்டாப்போடு இணைத்தான்.

"சார்ர்ர்!"

"என்னய்யா?"

"வந்துருச்சு! முப்பது டிஆர்எக்ஸ் வந்துருச்சு!"

"பரவால்லையே!" சேதுபதி முகம் மலர்ந்து அல்போன்சாவைப் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல இவ்வளவு வேகமா?"

அல்போன்சாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார்... எங்க ஆபீஸ்ல இன்னும் போனையே எடுக்கலை."



"பிரிட்ஜை அமுக்குப்பா. காசு தாண்டட்டும்," என்றார் சேதுபதி மெதுவாக. பிறகு வாசல் கதவைத் தாழிட்டார்.

முகேஷ்குமார் அமுக்கினான். திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

"இந்த வாலட் முகவரி யாருக்கெல்லாம் தெரியும், அல்போன்சா?"

"யாருக்குமே தெரியாது சார். 11.05க்குத்தான் அது பொறந்துச்சு. கடத்துனவனுக்கு நாம சொல்லவே இல்ல. டாலர் காயினும் இப்பத்தான் கிளம்புது, அதை வச்சும் மோப்பம் பிடிச்சிருக்க முடியாது. இந்தத் திரையைப் பாத்தவங்க மட்டும்தான்..."

"அனுப்பியிருக்க முடியும்!" என்று சேதுபதி முடித்தார். அடுத்து அவரே கேட்டார்:

"முகேஷ்குமார்?"

"கரண்ட் போற வரைக்கும் என் பக்கத்துலயே இருந்தாரு. அப்புறம் உங்க போனோட மரத்தடியில, நம்ம கண் முன்னால."

"அப்ப கரண்ட் போனப்ப உள்ள இருந்தது?"

எல்லாக் கண்களும் கனகாவின் மேல் விழுந்தன.

"ஐயோ! நான் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்!"

"எந்தச் சாமிம்மா டிஆர்எக்ஸ் குடுத்துச்சு?" சேதுபதியின் குரல் தடித்தது. "இன்னொரு போனை எங்க வச்சிருக்கீங்க? புருஷனை நீங்களே தூக்கிட்டு, எனக்கே போன் பண்ணி அழுதீங்களா?"

"என் பிள்ளைக மேல சத்தியமா..."

"அல்போன்சா, இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போய்ச் சோதனை போடுங்க. அப்படியே ஸ்டேஷனுக்கு!"

அல்போன்சா கனகாவின் கையைப் பிடித்தாள். கனகா தரையில் சரிந்தாள்.

"அவளை விடுங்கய்யா."

களைத்துப்போன குரல். சமையலறை நிலையில் சாய்ந்து வீரலட்சுமி நின்றிருந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அனுப்புனேன்."

கூடையின் ஈரத்துணியை விலக்கினாள். மல்லிகைக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்மார்ட் போன் ஒன்று வெளியே வந்தது!

"ம... மதினி!" என்றாள் கனகா.

சேதுபதி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மிஸ்டு கால் குடுக்கத் தெரியாதுன்னீங்களேம்மா!"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி தெரியாதுதான்யா. கத்துக்கிட்டேன். விடியுமுன்ன கடை விரிச்சா எட்டு மணிக்கு மேல சும்மாதான உக்காந்திருக்கேன்?" அவள் தரையில் அமர்ந்தாள். "எங்கப்பாவோட புளியந்தோப்பு நத்தத்துல இருந்துச்சு. தம்பி வித்தான். 'உன் பங்கையும் டாலர் காயினா வச்சிருக்கேன்க்கா, பத்திரமா இருக்கும்'னான். சரின்னேன். போன வருசம் எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேசன்னு சொல்லிட்டாக. ஓடி வந்து இவன்கிட்டக் கேட்டேன்."

"குடுக்கலையா?"

"'அது வேற நெட்வொர்க்ல கெடக்குக்கா. இந்தப் பக்கம் கொண்டு வர முடியாது. எப்படியும் மூணு வருசம் ஆகும், அவசரப்பட்டா அம்புட்டும் அழிஞ்சு போயிரும்'னான். நம்புனேன்யா. கூடப் பொறந்தவன் பொய் சொல்லுவானா? காத்துக்கிட்டே இருந்தோம். அவரு காத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாரு."

வீரலட்சுமி கையிலிருந்த போனை மடியில் வைத்தாள்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் இந்தப் போனை வாங்குனேன். நெட்வொர்க்குன்னா என்ன, பிரிட்ஜுன்னா என்னன்னு ஒவ்வொரு வீடியோவா போட்டுப் பாத்தேன். கொண்டு வர முடியுமா, முடியாதா... என் கண்ணால பாக்கணும்யா எனக்கு!"

டிங்!

லேப்டாப் மணியடித்தது. பச்சைக் கோடு முழுசாகிவிட்டது.

"வ... வந்துருச்சு," என்றான் முகேஷ்குமார், குற்றம் செய்தவன் போல.

வீரலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பதினெட்டு நிமிசம்," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கனகா தவழ்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இது தெரியாது மதினி... சத்தியமாத் தெரியாது."

சேதுபதிக்குப் பாவமாக இருந்தது. ரொம்பவே பாவமாக இருந்தது. அதற்காக எப்.ஐ.ஆரை மடித்துப் பையில் வைக்க முடியாதே!

"அந்த நானூத்தி அறுவது..."

"என் பங்கு அம்புட்டுதான்யா. அவன் காசு எனக்கெதுக்கு?"

"இவ்வளவு திட்டம் போட்டவங்க, அந்த முப்பது காயினை எதுக்கும்மா அனுப்புனீங்க? சாயங்காலம் வரைக்கும் கம்முன்னு இருந்திருந்தா உங்களை யாரும் சந்தேகப்பட்டே இருக்க மாட்டோமே!"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கு ஊசி போடலைன்னா அவன் செத்துருவானேய்யா! ஒம்பது மணிக்கே முடிஞ்சிரும்னு நெனச்சேன். இப்படி இழுக்கும்னு கண்டேனா? இடுப்புல தூக்கி வளத்த பிள்ளைய்யா அவன்!"



வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் ஒரு எண்ணை அழுத்தினாள்.

"ஏலே சுருளிவேலு... கட்டை அவுத்து விட்டுரு. ஆமா, முடிஞ்சுச்சு. போலீசு வரும், ஓடாத. அவனுக்குத் தண்ணி குடு, தின்ன ஒண்ணும் குடுத்துராத. ஊசி வருது."

சுருளிவேல் அவள் புருஷனோடு லோடு தூக்கிய ஆள். தோப்பு எது என்று அவளே சொன்னாள். அல்போன்சா நத்தம் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்தாள்.

12.20க்கு நத்தம் போலீஸ் மாந்தோப்புக் கொட்டகைக்குள் நுழைந்தது. 12.30க்கு ஊசி போட்டாயிற்று. 12.40க்கு சேதுபதியின் போனில் ஆனந்த்ராஜ் வந்தான். ஸ்பீக்கர் போடப்பட்டது. ஹாலில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் இன்னும் விலங்கு பூட்டப்படாத அக்காவும்தான்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"பரவால்ல சார். யாரு சார் செஞ்சது?"

"உங்க அக்கா. வீரலட்சுமி."

மறுமுனையில் ஒரு விநாடி மௌனம். ஒரே ஒரு விநாடிதான்!

"அது கெடக்கட்டும் சார். காயின் என்னாச்சு? பத்திரமா இருக்கா? எப்ப என் கைக்குக் கிடைக்கும்?"

வீரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

சேதுபதி குனிந்து பூட்ஸின் நாடாவை அவிழ்த்தபடியே சொன்னார்.

"பத்திரமா இருக்கு தம்பி. ஆனா இப்ப அது கோர்ட்டு நெட்வொர்க்குக்குப் போயிருச்சு. அங்கிருந்து இந்தப் பக்கம் கொண்டு வர... எப்படியும் மூணு வருசம் ஆகும். அவசரப்படாதீங்க!"