"வந்து..." என்று ஆரம்பித்தவள்

மழைக்கு ஒதுங்க வந்தவன் மாதிரிதான் வந்தான். ஆனால் அவன் வண்டிக்கு ஒதுங்கி நிற்கத் தெரியவில்லை... பிரேக் போட்ட பிறகும் வழுக்கிக்கொண்டே வந்து, கடை வாசலில் தேங்கிக் கிடந்த செம்மண் தண்ணீரை எல்லாம் தாட்சாயணியின் மேல் வாரி இறைத்துவிட்டுத்தான் நின்றது.

இடுப்பு வரைக்கும் சேறு!

திருப்பதியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நாலு பக்கமும் ஒரே மூட்டம். கோவர்த்தனனின் டயர் கடைக்குள் ஈரமும் ரப்பர் வாடையும்தான் நிறைந்திருந்தன. கோவர்த்தனன் இருமலோடு வீட்டில் படுத்துவிட்டதால் மகள் கடையைப் பார்த்துக்கொண்டாள். அண்ணன் திருமலை உயிரோடு இருந்திருந்தால் அவள் ஏன் இங்கே வந்து நிற்கப் போகிறாள்... அந்த நினைப்பு வந்ததும் புடவைச் சேறு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தவன் தலையில் துண்டைப் போட்டிருந்தான். துண்டிலிருந்து வழிந்த தண்ணீர் இமையில் நின்றது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் அவளையே பார்த்தான். பெரிய கண்கள்... தப்புச் செய்துவிட்டு முழிக்கிற கண்கள். திட்ட வாயெடுத்தவளுக்குப் பாதியிலேயே கோபம் நின்றுவிட்டது.

திருப்பதிக் கடைகளில் முதல் பேச்சு தெலுங்கில்தான். அவன் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டான். அவள் தெலுங்கில் முணுமுணுத்தாள். வண்டிக்கு நாலு டயரும் போய்விட்டன, எது போட்டால் நல்லது என்று கேட்டான்.

தாட்சாயணி எட்டிப் பார்த்தாள். யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்டார்களே, அந்தப் பச்சைப் பிக்கப்புகளில் ஒன்று. முதுகில் தார்ப்பாய் போர்த்திய வெல்ல மூட்டைகள். டயர்கள் நாலும் மொழுமொழுவென்று வழுக்கை விழுந்திருந்தன.

"ரிப்பு" என்றாள்.

நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் ஓடும் டயருக்குத் தொழிலில் அதுதான் பெயர். ஆனால் தகரக் கூரையில் மழை அடித்த அடியில் அவன் காதில் விழுந்தது வேறு. 'ரேபு' என்று விழுந்தது. தெலுங்கில் ரேபு என்றால் நாளைக்கு.

"ரேபா?" என்றான்.

அவள் காதிலும் அதே மழைதானே... தலையை ஆட்டினாள்.

"சரே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். தாட்சாயணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'என்ன மனுஷன் இவன்! எந்த டயர் என்று கேட்டான், சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?'

மறுநாள் மறுபடியும் வந்து நின்றான். வந்துவிட்டேன் என்றான். எதற்கு என்றாள். அவன் வாய்க்குள்ளேயே புலம்பியது தமிழில் வந்தது.

"நல்ல கடைடா சாமி! நேத்து வந்தா நாளைக்கின்றாங்க... இன்னிக்கி வந்தா எதுக்கு வந்தேன்றாங்க..."

"நீங்க தமிழா?"

"ஏன், நெத்தியில எழுதிக்கினு வரணுமா?"

"அது கெடக்கட்டும். நாளைக்கி வாங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"ரேபுன்னு சொன்னீங்களே!"

"ஐயோ... அது ரிப்புங்க! டயரு பேரு!"

அவன் முழித்த முழி இருக்கிறதே... தாட்சாயணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் போன பிறகு அந்தக் கடையில் யாரும் சிரித்ததில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டு, அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பெயர் எத்திராஜ். சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். ரிப்பு வேண்டாம் என்று ஒரே பிடிவாதம் பிடித்தான்.

"வண்டி வாங்கறப்போ போட்டிருந்தாங்க பாருங்க, கட்டை கட்டையா, மிலிட்டரி டயரு... அதையே குடுங்க. எந்த சேத்துல எறங்கினாலும் ஏறி வந்துடும். பாக்கவும் சும்மா யானை காலு மாதிரி கீது."

"எங்கெங்க ஓட்டுவீங்க?"

"சித்தூரு மண்டியில வெல்லம் ஏத்துவேன். சந்திரகிரி, திருப்பதி, புத்தூரு, நகரி... நேரா மெட்ராஸ்."

"எல்லாம் தார் ரோடு. சேறு எங்க வந்துச்சி?"

"எங்க ஊருக்குப் போற வழி... ஒரு மைல் மண்ணு ரோடு."

"ஒரு மைல் சேத்துக்கோசரம் நூறு மைல் தார் ரோட்ல கட்டை டயரு போட்டுக்கினு ஓடுவீங்களா? பாரம் வேற ஏத்திக்கினு! வேகமா போறப்போ அந்தக் கட்டைங்க ரோட்டுல தேஞ்சி சூடேறும்... ஏறிக்கினே போயி..."

திரும்பி நின்று அடுக்கியிருந்த டியூபுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் லாரி அப்படித்தாங்க நகரி தாண்டி வெடிச்சிது. சித்திரை மாசத்து மத்தியான வெயிலு" என்றாள், முகத்தைக் காட்டாமலே.

எத்திராஜ் தன் வண்டியின் வழுக்கை டயர்களைத் திரும்பிப் பார்த்தான்.

"நாலும் ரிப்பே போடுங்க" என்றான். குரலில் அந்த முரண்டு இல்லை.

அதற்கப்புறம் மெட்ராஸ் போகும்போதும் வரும்போதும் அவன் வண்டிக்கு அந்தக் கடையில்தான் காற்றுப் பிடிக்க வேண்டியிருந்தது. புது டயரில் அடிக்கடி காற்று எப்படி இறங்கும் என்று கேட்பவர்கள் காதலித்துப் பார்க்காதவர்கள்.

"இன்னிக்குமா?"

"முன்னாடி எடது பக்கம் கொஞ்சம் கம்மியா கீற மாதிரி..."

"காலையில வண்டி சில்லுன்னு நிக்கறப்போ பாக்கணும். ஓட்டிக்கினு வந்து சூட்டோட பாத்தா காத்து ஏத்தமாத்தான் காட்டும்."

"அப்பன்னா ஒண்ணு பண்றேன். காலையில வந்து ஒருதரம் பாக்கறேன், சாயங்காலம் வந்து ஒருதரம் பாக்கறேன்..."

"டயரையா?"

பதிலை அந்தப் பெரிய கண்கள் சொல்லின. தாட்சாயணி குனிந்து காற்றுக் குழாயைச் சுருட்டினாள். சுருட்டினதையே மறுபடியும் சுருட்டினாள்...

அந்த வருஷம் எல்லைத் தகராறு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. வரப்போகும் ஏப்ரலில் திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, சத்தியவேடு ஆந்திராவுக்கு வருகிறது. சாகிறவரைக்கும் தமிழ் ராஜ்யத்தில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று கோவர்த்தனன் திருத்தணியில் ஒரு கடையைப் பார்த்துவிட்டார். மகன் இல்லாத ஊரில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான் நிஜம்.

"எங்க ஊரு இந்தப் பக்கம் வர்ற நேரத்துல நீங்க அந்தப் பக்கம் போறீங்களே!" என்றான் எத்திராஜ். விளையாட்டாகத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை பிறந்ததும், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், அவன் கடைக்கு வந்திருந்த கோவர்த்தனனிடமே நேராகப் போய்ப் பெண் கேட்டுவிட்டான். கடைக்குள்ளிருந்த தாட்சாயணிக்குக் கை கால் ஓடவில்லை. அப்பா சத்தம் போடவில்லை. இருமி முடித்துவிட்டுச் சொன்னார்.

"நல்ல புள்ளையாத்தான் தெரியற, தம்பி. ஆனா வண்டி ஓட்றவனுக்கு எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன். ஒருத்தனை ரோட்டுக்குக் குடுத்தது போதும். சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சி சொல்லிட்டேன்."

எத்திராஜ் வெளியே வந்தான். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கூரைத் தகரம் கிழிந்துவிடும் போல மழை. அவள் வாசற்கால் ஓரம் வந்து நின்றாள்.

"உங்க நைனா முடியாதுன்னுட்டாரு. நீங்க சொல்லுங்க... உங்க வாயால ஒரு வார்த்தை. எனக்கு அது போதும்."

எவ்வளவு இருந்தது சொல்ல! வண்டி என்றாலே அவளுக்கு ஆகாது. அண்ணன் போனதிலிருந்து எந்த வண்டியிலும் ஏறியதில்லை, எங்கே போவதானாலும் ரயில்தான். ஆனால் சாயங்காலம் ஆனால் அந்தப் பச்சை வண்டியின் ஹாரனுக்குக் காது தானாக ஏங்கியது. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது?

"வந்து..." என்று ஆரம்பித்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது.

அவன் முகம் மாறியது. தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க" என்றான். ஏறினான். போய்விட்டான்.

அவ்வளவுதானா? ஒரு பெண் வாயைத் திறந்து பேசி முடிக்கும் வரைக்கும்கூடப் பொறுக்க முடியாதா அவனுக்கு? தாட்சாயணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. 'போகட்டும்... நானா போய்க் கெஞ்ச மாட்டேன்.' அவனும் வரவில்லை. வெல்ல வண்டிகள் எத்தனையோ போயின. பச்சை வண்டி கடைப்பக்கம் திரும்பாமல் அடுத்த தெருவழியாகவே போயிற்று. மழை விட்டபாடில்லை. சோறு பாதி, தூக்கம் பாதி என்று அவள் நாட்கள் கழிந்தன. கடைச் சாமான்களை மூட்டை கட்டும்போது ஒவ்வொரு ரிப்பு டயரையும் தூக்கிப் போடக் கை மறுத்தது.

மார்கழி பிறந்துவிட்டால் குடி மாற முடியாது. கார்த்திகைக் கடைசியில் ஒரு நல்ல நாளைப் பார்த்து வைத்திருந்தார்கள். பேசிய லாரி வரவில்லை. வழியில் ஏதோ ஏரி உடைந்து தண்ணீரில் மாட்டிக்கொண்டதாம். உள்ளூர் மண்டிக்கு ஆள் அனுப்பி வேறு வண்டி கேட்டார் கோவர்த்தனன். வந்து நின்றது எத்திராஜின் பிக்கப்.

கோவர்த்தனன் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"வாடகை வண்டிதானே... ஏத்துங்க" என்றார் பெரியவர்.

மழையில் ரயிலும் நின்றுவிட்டதால் மூட்டைகளோடு அவளும் போயாக வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி ஏறினாள் தாட்சாயணி. அப்பா நடுவில், அவள் ஓரத்தில். புத்தூர் வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்லை. அப்புறம் திறந்தாள். கண்ணாடியில் தண்ணீர், கறுத்த ரோடு, இரண்டு பக்கமும் நனைந்த கரும்பு... வண்டி மெதுவாக, சீராகப் போய்க்கொண்டிருந்தது. பக்கவாட்டில்கூட அவன் பார்க்கவில்லை.

நகரி தாண்டியதும் கோவர்த்தனன் கையைத் தூக்கினார்.

"நிறுத்துப்பா."

எந்த இடம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு புளியமரத்தின் பட்டையில் பெரிய காயம் இன்னும் ஆறாமல் இருந்தது. கிழவர் மகளைத் தாண்டி இறங்கிப் போய் மழையிலேயே மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. எத்திராஜ் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கப் போனான்.

"வேணாம்... கொஞ்ச நேரம் உடுங்க அவரை" என்றாள் தாட்சாயணி. பிறகு, தன்னை அறியாமலே, "நீங்கதான் யாரு என்ன சொல்றாங்கன்னு கேக்காமலே போறவராச்சே" என்றாள்.

அவன் திரும்பினான். "கேட்டேனே. நீங்கதான் வத்துன்னு சொல்ட்டீங்க."

வத்து! தெலுங்கில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

"நானா...? நான் எங்கங்க வத்துன்னேன்? வந்துன்னு... வந்துன்னு ஆரம்பிச்சேங்க! தொண்டை அடைச்சிக்கிச்சி..."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவன் கண்கள் நிறைந்தன. ஸ்டீரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"அதுக்கா நான் துன்னாம தூங்காம கெடந்தேன்..." என்றான். பிறகு நிமிர்ந்து, மிகவும் மெதுவாகக் கேட்டான். "அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தீங்க?"

அவள் மரத்தடியில் நின்ற அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

"எனக்கு பயமா கீதுங்க. நீங்க வண்டி எடுத்தாலே நெஞ்சு அடிச்சிக்கும். திரும்பி வர்ற வரைக்கும் சோறு எறங்காது. கட்டிக்கினாலும் அப்படித்தான் இருப்பேன்... எனக்கு மாறாது. ஆனா வண்டிய உட்டுடுங்கன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன். அந்த பயத்தோடயே... உங்களுக்காக காத்துக்கினு இருக்கணும்னு ஆசையா கீது."

சொல்லி முடித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே இருமல் சத்தம்... கோவர்த்தனன் கதவருகே நனைந்துகொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! அவளுக்கு உயிரே போய்விட்டது.

பெரியவர் தலையிலிருந்து வழிந்த தண்ணீரை வழித்து விட்டார்.

"உங்க அண்ணன் வண்டி எடுக்கறப்போ நானும் இப்படித்தான்மா பயந்துக்கினு இருப்பேன். பயமா கீதுன்னு அவனைப் புள்ளை இல்லன்னு சொல்லியிருப்பேனா?" என்றார். "சாமிகிட்ட சொன்னதை மாத்தி சொல்லிக்கிறேன். அதுக்குத் தெரியாதா என் கஷ்டம்."

மகளை நடுவில் நகரச் சொல்லிவிட்டு, ஓரமாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி... உங்க வீட்ல பேச பெரியவங்க யாரு கீறாங்க?"

"அக்காவும் மாமாவும் கீறாங்கய்யா."

"தை பொறந்ததும் வரச் சொல்லு. எடு வண்டிய."

எத்திராஜ் சாவியைத் தொட்டான். திருப்பவில்லை. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டே இருந்தது.

"என்னப்பா?"

"ஒரு நிமிஷம் பொறுங்கய்யா..." அவன் தாட்சாயணியைப் பார்த்தான். "இத்தினி வருஷமா ஓட்டறேன். ஒரு நாளும் இப்படி இருந்ததில்லங்க. இன்னிக்கித்தான் எனக்கும் பயமா கீது... பத்திரமா திரும்பி வரணுமேன்னு."