ஒப்புவிளக்கு

மாலை ரவுண்டு முடிந்ததும் நால்வரும் வழக்கம்போலக் கூட்டறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மேசைமேல் ஆளுக்கொரு ஒப்புவிளக்கு. டாக்டர் வைதேகி, சிஸ்டர் லூர்தம்மாள், பிசியோ பிரபாகர் மூவரும் தொட்டுப் பச்சையாக்கிவிட்டார்கள். சமூகப்பணி மாணவி இன்பராணியின் விளக்கு மட்டும் சிவப்பாகவே இருந்தது.

"தொடும்மா இன்பா, கால் கடுக்குது," என்றாள் சிஸ்டர்.

"தங்கராசு ஐயாவை எப்படி வீட்டுக்கு அனுப்பறது சிஸ்டர்? வீடு அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஓடியே வருஷமாச்சு. நேத்து ஏறிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

"செயற்கைக் காலைப் போட்டுக்கிட்டு வராந்தாவுல ஜம்முனு நடக்கறாரே!" என்றான் பிரபாகர்.

"சமதரையில நடக்கறார் சார். படி ஏத்திப் பார்த்தீங்களா?"

இந்தப் புது ஆஸ்பத்திரியில் படி என்ற ஒன்றையே யாரும் கட்டவில்லை.

ஒருமிப்புச் சட்டம் வந்தபோது இன்பராணியின் கல்லூரியில் கைதட்டினார்கள். இனி மாணவியின் சொல்லுக்கும் டாக்டரின் சொல்லுக்கும் ஒரே எடை. எல்லாரும் ஒப்பாமல் எந்த நோயாளியையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. எல்லா விளக்கும் பச்சையாகாமல் கதவு திறக்காது என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அதனால் யார் முதலில் சோர்ந்து போகிறாரோ, அவர் ஒப்புக்கொண்டுவிடுவார். போன வாரம் இன்பராணியே அப்படித்தான் ஒருவரை அனுப்பிவைத்தாள்.

"உன் பயிற்சிக்கு மார்க் போடறது நாங்கதான். மறந்துடாதே," என்றாள் டாக்டர். மிரட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

நோயாளியும் கூட்டத்தைக் கேட்கலாம் என்று விதி. சுவர்த்திரையில் தங்கராசு தொண்டையைச் செருமினார்.

"என்னால இத்தன பேரு அடைஞ்சு கெடக்கீங்களே. நான் போயிக்கிறேன் பாப்பா, நீ தொட்டுரு."

"மாடிக்கு எப்படிய்யா போவீங்க?"

"நாலு பேரப் பிடிச்சு ஏறிக்கிறேன். அப்புறம் எறங்கற சோலி எனக்கென்ன? எறக்கறதுக்கும் நாலு பேரு வராமலா போயிருவாங்க!"

அவர் மட்டும் சிரித்தார்.

விளக்கை நோக்கிப் போன இன்பராணியின் விரல் பாதியில் நின்றது. தொட்டுவிட்டால் மார்க்கும் உண்டு, தூக்கமும் உண்டு.

லூர்தம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்தாள். எதிர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, தன் விளக்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பச்சை போய் அது மறுபடி சிவந்தது.

"பிரபா, பிளாஸ்க்ல டீ மிச்சமிருக்கா பாரு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "இருந்தா எனக்கும் ஊத்து."